வெள்ளியும் வேவு விமானமும்

நுழையும்முன்

இரவு வானில் இனம் புரியாத ஓர் ஒளி தோன்றினால் அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சத்தை ஆராய்ச்சியாக மாற்றுவதே அறிவு. எல்லையில் நின்ற வீரர்களின் பட்டறிவு ஒன்றை முன்வைத்து இக்கருத்தை விளக்குகிறது இக்கட்டுரை.

காவிரிப் படுகை உழவர்க்கு வெள்ளி நெடுநாள் அறிமுகமானது. விடிவெள்ளி கண்டு வயலுக்குப் புறப்பட்ட மரபு அவர்களுடையது. வெள்ளி தென்திசை சென்றால் மழை பொய்க்கும் எனப் பண்டைத் தமிழர் அஞ்சினர். அந்நிலையிலும் காவிரி பொய்யாது எனச் சோழநாட்டின் வளத்தைச் சிறப்பிக்கிறது பட்டினப்பாலை. வானை இடைவிடாது நோக்கியவர்களுக்கே ஒரு கோளின் திசைமாற்றம் புலப்பட்டிருக்கும்.

அதே வெள்ளி நம் காலத்தில் ஒரு படைப்பிரிவையே ஐயுற வைத்தது. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கின் பாங்காங் ஏரிப் பகுதியில் வானில் ஒளிப்பொருள்கள் நகர்வதை இந்திய இராணுவத்தினர் கண்டனர். அவை சீனாவின் ஆளில்லா வேவு விமானங்களாக இருக்கலாம் எனக் கருதினர். அவ்வாறு கண்ட நிகழ்வுகள் 329 எனப் பதிவாயின. பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அவற்றை ஆராய்ந்தனர். முடிவு வியப்பளித்தது. அவ்வொளிகள் வெள்ளியும் வியாழனுமே!

இதனை எவ்வாறு கண்டறிய முடியும்? புவி தன்னைத்தானே சுற்றுவதால் விண்மீன்களும் கோள்களும் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றும். ஓர் ஒளி விண்மீன்களோடு ஒத்து நகர்ந்தால் அது விண்பொருள். தனி வழியில் விரைந்தால் அது விமானமாகவோ செயற்கைக்கோளாகவோ இருக்கலாம். மேலும், 4,200 மீட்டருக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் காற்று மெலிந்து தூய்மையாக இருப்பதால் கோள்கள் மிகுந்த ஒளியுடன் தெரியும்.

இச்செய்தி கேட்டு நகைத்தவர் உண்டு. அது முறையன்று. கடுங்குளிரில் காவல் நின்றவர்கள் கண்டதை ஒவ்வொரு முறையும் பதிவு செய்தனர். அதனாலேயே ஆராய்ச்சி கைகூடியது. 2013 ஏப்ரலில் அதே லடாக்கின் தெப்சாங் சமவெளியில் இருநாட்டுப் படைகளும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் எதிரெதிரே நின்றன. அத்தகைய சூழலில் ஒரு தவறான ஊகம் உயிர்களைப் பலிகொள்ளக்கூடும். அவ்வானியல் நிறுவனத்தின் தொலைநோக்கி லடாக்கின் ஹான்லேயிலேயே இயங்குகிறது. படைமுகாமின் ஐயம் ஆய்வுக்கூடத்தை விரைந்து சென்றடையும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

இப்பாடம் எல்லைக்கு மட்டும் உரியதன்று. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் உள்ளது. 2020 முதல் சுகோய் போர் விமானங்களின் படைப்பிரிவு அங்கு இயங்குகிறது. ஆகவே டெல்டா வானிலும் பலவகை ஒளிகள் தென்படலாம். புரியாத ஒளியைக் கண்டவுடன் கைப்பேசியில் படமெடுத்து வதந்தியாகப் பரப்புதல் எளிது. மாறாக, ஓரிடத்தில் அசையாது நின்று, கோபுரத்தையோ தென்னையையோ அடையாளமாகக் கொண்டு, அவ்வொளியின் திசை, உயரம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் கழித்து மீண்டும் குறியுங்கள். அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிடுங்கள். அதன்பின் உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள். நம் முன்னோர் வெறுங்கண்ணால் வளர்த்த வானறிவைத் தொடர்வதற்கு ஒரு குறிப்பேடும் சற்றுப் பொறுமையுமே போதும்.