சயாம் ரயில் நினைவேந்தலில் தோட்டத் தமிழர்

தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று நடைபெறும் போர் நினைவேந்தலில் இந்திய, மலேசிய அரசுகள் அமைச்சர் நிலையில் பங்கேற்க வேண்டும். 1942-43இல் ஜப்பானிய ராணுவம் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதையில் மடிந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் வளைத்துப் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. காலராவில் மாண்டு குழிகளில் தள்ளப்பட்ட தொழிலாளர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அவர்கள் படைவீரர்கள் அல்லர் என்பது இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணம். கைதிகளும் அங்கே துப்பாக்கி ஏந்தவில்லை, மண்தான் சுமந்தார்கள். அந்த ரயில்பாதையிலுள்ள ஹெல்ஃபயர் கணவாயில் ஏப்ரல் 25 விடியற்காலையில் நடக்கும் நிகழ்ச்சி ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களுக்கானது. அதை மாற்றக் கோருவது முறையன்று. ஆனால், தாய்லாந்து அரசின் இசைவோடு அதே நாளில் தொழிலாளர்களுக்கென அரசுமுறை அஞ்சலி நடத்துவதற்குத் தடை எதுவும் இருக்க முடியாது. தூதரக அலுவலர் ஒருவர் மலர்வளையம் வைத்துத் திரும்புவது போதாது. மாண்டவர்களின் குடும்பத்தினரையும் இரு அரசுகளும் தம் செலவில் அங்கே அழைத்துச் செல்ல வேண்டும்.