பட்டம் இல்லாதவருக்கும் வலையமைப்புத் துறை

பினாங்கில் பொறியியல் என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் தொழிற்சாலைகளைத் திறக்கத் தொடங்கியது முதல், பிள்ளை பொறியியலாளராக வேண்டும் என்பது தீவிலுள்ள பல குடும்பங்களின் கனவாகிவிட்டது. அக்கனவில் தவறில்லை. ஆனால், அதன் நிழலிலேயே வேறோர் எண்ணமும் வளர்ந்துவிட்டது. பட்டம் பெறாதவருக்குத் தொழில்நுட்பத் துறையில் இடமில்லை என்பதே அது. கணினி வலையமைப்புத் துறையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பிழையானது. இதை நம்பி, முப்பது வயதிலும் பிடிக்காத வேலையிலேயே காலம் கழிப்போர் பலர்.

வலையமைப்புப் பணியின் தன்மையைப் பார்த்தால் இது விளங்கும். ஓர் அலுவலகத்தில் திடீரென எல்லாக் கணினிகளும் தொடர்பை இழக்கின்றன. யாரோ ஒருவர் மேசைக்கடியில் கிடந்த கம்பியின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகியிருக்கிறார். தடுப்பு வசதி இல்லாத மலிவான ஸ்விட்ச் என்றால், தரவு அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகிச் சில நொடிகளில் அலுவலகம் முழுவதையும் முடக்கிவிடும். கம்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதிப்பவரே இக்கோளாற்றைக் கண்டுபிடிப்பார். அதற்குத் தேவை பொறுமையும் பழக்கமும், உயர்கணிதம் அன்று. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளையும் எண்ணிப் பார்க்கலாம். குறுகி நீண்ட அக்கட்டடங்களின் தடித்த செங்கல் சுவர்களைத் தாண்டிக் கம்பியில்லா அலைவரிசை பின்கட்டு வரை எட்டுவது அரிது. தங்கும் விடுதியாக மாறிவிட்ட ஒரு கடைவீட்டில் கருவிகளை எங்கெங்கே பொருத்துவது என்பதை அங்கே நடந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

இத்துறைக்குள் நுழையும் வழிகளும் திறந்தே உள்ளன. சிஸ்கோ நிறுவனம் 1998ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய சி.சி.என்.ஏ. தேர்வை எழுதப் பட்டம் எதுவும் கேட்கப்படுவதில்லை. வலையமைப்பைத் திரையிலேயே அமைத்துப் பழகும் ‘பேக்கெட் டிரேசர்’ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம் நாட்டின் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் உள்ளன. ஏற்கெனவே வேலை செய்து பழகியவர், வகுப்புக்குச் செல்லாமலேயே தம் அனுபவத்தை மதிப்பிடச் செய்து சான்றிதழ் பெறவும் வழியுண்டு. 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், தொழிலாளர்களுக்குப் பயிற்சியளிப்பதற்கென்றே அரசும் தொழில்துறையும் கைகோத்து உருவாக்கியது.

சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்து சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதே தமிழகத்திலிருந்து இன்று ஒரு முன்மாதிரியும் கிடைக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பள்ளிப் படிப்பை முடித்த இளையோரைச் சேர்த்து, உதவித்தொகையும் தந்து, மென்பொருள் பணிக்கு ஆயத்தப்படுத்துகிறது. வலையமைப்பு மேலாண்மைக்கான மென்பொருளில்தான் அந்நிறுவனமே தன் பயணத்தைத் தொடங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர். அத்தகையவரே பட்டத்தை நுழைவுச்சீட்டாக்க மறுத்தது சிந்திக்கத்தக்கது.

இதனால் பாதை எளிது என்று சொல்லிவிட முடியாது. மாதச் சம்பளத்தை நம்பியுள்ள குடும்பத் தலைவர் துறை மாறினால், முதல் வேலை பெரும்பாலும் உதவி முகப்பில் தொலைபேசி எடுப்பதாகவோ கம்பி இழுப்பதாகவோதான் இருக்கும். சம்பளம் முன்பைவிடக் குறையவும் கூடும். சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். அச்சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கே செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். சில நிறுவனங்களில் மேலாளர் பதவிக்குப் பட்டம் கேட்கப்படுவதும் உண்மை. இவற்றை மறைத்து, ‘மூன்றே மாதத்தில் பெரிய சம்பளம்’ என ஆசை காட்டும் விளம்பரங்களை நம்புவது பேதைமை. அதைவிடக் கேடானது, பழைய வினாக்களை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறுவது. அப்படிப்பட்டவர் சான்றிதழோடு வேலைக்குச் செல்வார். முதல் கோளாற்றிலேயே கைபிசைந்து நிற்பார்.

ஆகவே, துறை மாற விரும்புபவர் இருக்கும் வேலையை உடனே விட்டுவிடாமல், மாலை நேரங்களில் பயிலத் தொடங்குவதே அறிவுடைமை. பழைய ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பிரித்து இணைத்துப் பார்க்கலாம். இரண்டு மாதத்திற்குப் பிறகும் ஆர்வம் குன்றாவிட்டால் தேர்வுக்குப் பணம் கட்டலாம். பட்டம் வேண்டும் என்று பின்னர் தோன்றினால், மலேசியத் தகுதி முகமை நடைமுறைப்படுத்தும் முன் அனுபவக் கற்றல் மதிப்பீட்டின் வழி, 21 வயது கடந்தவர் தம் பணி அனுபவத்தைக் காட்டி இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும்.

முதலாளிமார்களுக்கும் இதில் பொறுப்புண்டு. வேலை விளம்பரத்தில் ‘பட்டதாரி’ என்று பழக்கத்தால் எழுதிவிடுவதைவிட, விண்ணப்பதாரரிடம் பழுதான ஒரு வலையமைப்பைக் கொடுத்து அரை மணி நேரத்தில் சரிசெய்யச் சொல்லலாம். அந்த அரை மணி நேரத்தில் தெரியவரும் திறமை நான்கு பக்கத் தன்விவரக் குறிப்பில் தெரிவதில்லை.