எஞ்சினை இறக்கும் முன் ஒரு வால்வைக் குலுக்கிப் பாருங்க!

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அதன் உரிமையாளரிடம் பத்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து பட்டறை, பட்டறையிலிருந்து லீ பஜார், மாலையில் மகளை டியூஷனில் விட்டு அழைத்து வருவது... ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அந்த காருக்குத்தான் ஒரு நாள் பெரிய வியாதி என்று சொல்லிவிட்டார்கள்.

சர்வீஸுக்குச் சர்வீஸ் ஆயில் குறைந்தது. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் கறுப்பாகச் சொட்டு விழுந்தது. சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்கியது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே ஆயில் ஈரம். பார்த்த மெக்கானிக் ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: “பேக் கம்ப்ரஷன் அடிக்குது. ரிங் போயிருச்சு. எஞ்சினை இறக்கணும்.”

செலவு பல பத்தாயிரம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்த பணம் அது. மனசு கேட்காமல், லாரி, கார் என்று வாழ்நாளெல்லாம் எஞ்சினோடு பழகிய ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“அண்ணா, எஞ்சினை இறக்கித்தான் ஆகணுமாம்ங்க. வேற வழியே இல்லைங்களா?”

“இருங்க தம்பி. முதல்ல அது மூச்சு விடுதான்னு பார்ப்போம். இறக்கறதை அப்புறம் பேசிக்கலாம்.”

எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

பெரியவர் சொன்னது வெறும் பேச்சு அல்ல. எஞ்சின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் ஓரமாகக் கசிந்து கீழே இறங்கத்தான் செய்யும். கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அந்தக் கீழ் அறைக்கு கிராங்க் கேஸ் என்று பெயர். ஆயில் இருப்பதும் அங்கேதான்.

இறங்கும் வாயுவில் புகை மட்டும் இல்லை. எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும். ஒரு சிறு பகுதி கிராங்க் கேஸில் இறங்கி ஆயிலோடு கலக்கும். இந்த வாயுவையும் ஆவியையும் வெளியேற்றும் ஏற்பாடுதான் கிராங்க் கேஸ் வென்டிலேஷன். மெக்கானிக்குகள் வாயில் அது ‘பிரீதர்’.

வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொண்டால் போதும். வெயிட் உட்காரும் குழாயில் பருப்பு அடைத்துக்கொண்டால் ஆவி சும்மா இருக்குமா? காஸ்கட் ஓரம் சீறும், சேஃப்டி வால்வைத் தள்ளும். எஞ்சினிலும் அதே கதைதான். பிரீதர் அடைத்தால், உள்ளே சேரும் அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடும். கிராங்க் ஆயில் சீல், டேப்பெட் கவர் பேக்கிங், டிப் ஸ்டிக் ஓட்டை என்று எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளிவிடும். சிலர் சீலை மாற்றுவார்கள். மூன்று மாதத்தில் அது மறுபடியும் ஒழுகும். கோளாறு சீலில் இருந்தால்தானே சரியாகும்?

தரையில் ஒழுகியது, காருக்குள் திரும்பியது

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எஞ்சினிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கித் தொங்கும். அதன் நுனியில் புகையும் ஆயில் சொட்டும். உலகம் முழுக்க கார்களிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் திணறடித்தபோது, அதற்கு வாகனங்களிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியும் ஒரு முக்கியக் காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஹாகன் ஸ்மிட் எடுத்துக்காட்டினார். அந்த ஆவியில் கணிசமான பங்கு இந்தத் தொங்கும் குழாயிலிருந்து வந்தது. 1961 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவில் அந்த வாயுவை எஞ்சினே திரும்ப இழுத்து எரித்துவிடும் ஏற்பாடு வந்தது. 1963 மாடல்களில் அது அமெரிக்கா முழுவதும் பரவியது.

இந்த ஏற்பாட்டின் இதயம் பிசிவி வால்வு. விரல் அளவுதான். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கும் முளையும். ஐடிலிங்கில் இன்டேக் பக்கம் உறிஞ்சும் வேகம் அதிகம். அப்போது வால்வு வழியைக் குறுக்கிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை மிதித்து ஓட்டும்போது கசியும் வாயுவும் கூடும். அப்போது ஸ்பிரிங் வழியை அகலமாக்கும். எஞ்சின் ‘பேக் ஃபயர்’ ஆனால், நெருப்பு கிராங்க் கேஸுக்குள் போகாதபடி மூடிக்கொள்ளும். இவ்வளவு வேலையைச் சத்தமில்லாமல் செய்வதால்தான் யாரும் அதை நினைப்பதில்லை.

குறைவாக ஓடும் காருக்கே ஆபத்து

“வண்டியை நான் அதிகமா ஓட்டறதே இல்லைங்களே” என்றார் பட்டறைக்காரர். பெரியவர் சிரித்தார். “அதனாலதான் தம்பி வந்திருக்கு.”

செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, ஐந்து நிமிடத்தில் எஞ்சினை நிறுத்திவிடும் காரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. மீட்டரில் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடம் பிடிக்கும். சூடு ஏறாவிட்டால் நீராவி ஆவியாகி வெளியேறாது. ஆயிலோடு சேர்ந்து மோர் நிறத்தில் நுரைக்கும், பிறகு கறுப்புக் களிம்பாகும். வால்வை அடைப்பது அந்தக் களிம்புதான்.

இதற்கு நேர்மாறான காட்சி ஏற்காடு மலைப்பாதையில் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கியரில் பிடித்து வருவோம். ஆக்ஸிலேட்டரில் கால் இருக்காது. இன்டேக்கில் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். பிசிவி வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தால் ஆயில் ஆவியும் சேர்ந்து உள்ளே போகும். அடிவாரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை. வால்வு கைடு சீல் தேய்ந்தாலும் இதே புகை வரும் என்பதால், இரண்டையும் பார்க்க வேண்டும்.

பெரியவர் செய்த சோதனை

* எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தார். மோர் நிறக் களிம்பு அப்பியிருந்தது. (கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் காஸ்கட் கோளாறாக இருக்கலாம். இங்கே கூலன்ட் குறையவில்லை.)

* எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு மூடியைத் தளர்த்தி ஓட்டையின் மேலேயே வைத்தார். மூடி தடதடவென்று ஆடியது, புகை குப்பென்று வந்தது. உள்ளே அழுத்தம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாறாக, மூடியை எடுக்கவே முடியாதபடி உறிஞ்சிப் பிடித்து, விசில் சத்தமும் வந்தால் உறிஞ்சல் மிதமிஞ்சியிருக்கிறது. டயஃப்ரம் உள்ள வண்டிகளில் அது கிழிந்திருக்கலாம்.

* எஞ்சினை நிறுத்தி, பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினார். நல்ல வால்வு கொலுசு முத்து போலக் கலகலக்க வேண்டும். இது ஊமையாக இருந்தது.

* ஹோஸை அமுக்கினார். ஒரு இடத்தில் கட்டை போல இறுகி, வளைவில் வெடித்திருந்தது.

* கடைசியாக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கேஜ் வைத்து நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. “ரிங் நல்லாத்தான் இருக்குங்க.”

புது வால்வு, ஆயில் தாங்கும் ஹோஸ், இரண்டு கிளாம்ப். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. டேப்பெட் கவரில் பிரீதர் பாதையைச் சுத்தம் செய்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார். அழுத்தத்தில் ஏற்கெனவே கெட்டுவிட்ட முன்பக்க ஆயில் சீலை மாற்றத்தான் வேண்டியிருந்தது. கல்லூரிப் பணம் பீரோவிலேயே இருந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. கம்ப்ரஷன் உண்மையிலேயே குறைந்திருந்தால் எந்த வால்வும் எஞ்சினைக் காப்பாற்றாது. அப்போது ரிங் வேலைதான். ஆனால் அந்த முடிவு கேஜ் காட்டிய பிறகு வர வேண்டும்; புகையைப் பார்த்த மாத்திரத்தில் வரக் கூடாது.

வீட்டில் கவனிக்க

* மாதம் ஒரு முறை, சமதளத்தில், எஞ்சின் ஆறிய பின் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்த்துக் குறித்து வைக்கலாம்.

* ஆயில் மாற்றும் கெடு பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. குறுகிய தூரமே ஓடும் கார் கிலோமீட்டரை நம்பக் கூடாது. தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

* வாரம் ஒரு நாள் ஓமலூர் வரை ஒரு நடை போய் வந்தால் ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் வெளியேறும்.

* ஆயில் மாற்றும்போதெல்லாம் “பிசிவி வால்வையும் ஹோஸையும் பார்த்துடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சில மாடல்களில் வால்வு தனியாக இருக்காது. டேப்பெட் கவரோடு சேர்ந்தே வரும். அவற்றைக் குலுக்கிப் பார்க்க முடியாது.

* பிரீதர் ஹோஸைக் கழற்றிக் கீழே தொங்கவிடச் சொன்னால் சம்மதிக்கக் கூடாது. ஃபில்டர் நனையாது என்பது உண்மை. ஆனால் வால்வுப் பக்கம் திறந்து கிடந்தால் அளவில்லாக் காற்று புகுந்து ஐடிலிங் கெடும், தூசியும் நுழையும். பெட்ரோல் கார்களுக்கான பாரத் ஸ்டேஜ் விதிகளும் இந்த வாயு வெளியே வருவதை அனுமதிப்பதில்லை.

* டீசல் காரில் ஏற்பாடு வேறு. ஆயிலைப் பிரிக்கும் ஒரு செபரேட்டர் இருக்கும். அது கெட்டு ஆயில் அதிகமாக இன்டேக்குக்குப் போனால், சாவியை அணைத்தாலும் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து வெறிபிடித்து ஓடக்கூடும். டர்போ ஹோஸில் ஆயில் தேங்கினால் உடனே காட்டிவிட வேண்டும்.

* ஓடும் எஞ்சின் அருகே துப்பட்டா, சேலைத் தலைப்பு, வேட்டி நுனி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

அடுத்த வாரம் பட்டறைக்காரர் குடும்பத்தோடு ஏற்காடு போய் வந்தார். இறங்கி வந்து அடிவாரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது பின்சீட்டிலிருந்து மகள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “அப்பா, புகையே இல்லைப்பா!”