கிணற்றில் இறக்கிய சிவப்புத் துண்டு

ஆவூரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இப்போது மூன்று ஆள் தண்ணீர் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிவப்புத் துண்டில் கல்லைக் கட்டி அதற்குள் இறக்கினேன். பக்கத்து வயல் சித்தப்பா வரப்பில் நின்றபடி, "என்னப்பா, வாளி விழுந்துருச்சா? பாதாளக்கரண்டி எடுத்தாரவா?" என்றார். தண்ணிக்குள்ள படம் பிடிக்கிற லைட்டச் சோதிக்கிறேன் சித்தப்பா என்றேன். அவரும் வந்து கிணற்றுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

முங்கிப் போய்ப் பார்த்தேன். ஓர் ஆள் ஆழத்திலேயே துண்டு பழுப்பாகிவிட்டது. அடியில் காப்பித்தூள் நிறம். முழங்கை தூரத்தில் விளக்கைப் போட்டதும், கடையில் வாங்கிய அன்று இருந்த அதே சிவப்பு திரும்பி வந்தது. இந்தச் சிவப்புக்காகத்தான் நான் விளக்கு வாங்குகிறேன். இருட்டைப் போக்க டார்ச் போதும்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். தெளிந்த கடலிலேயே 5 மீட்டர் இறங்குவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். பவளப்பாறைக்குப் போய் வந்தவர்களின் வீடியோ எல்லாம் நீலமாக இருப்பது இதனால்தான். வந்து சேராத நிறத்தைக் கேமராவால் பிடிக்க முடியாது. ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் சிவப்பைக் கூட்டிப் பார்த்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். தொலைந்த நிறத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கடையில் முதலில் காட்டுவது வெளிச்ச அளவைச் சொல்லும் லூமென் கணக்கை. நானும் முதல் தடவை அதை நம்பித்தான் வாங்கினேன். பெட்டியில் 5000 என்று போட்டிருந்தது. அந்தமானில் எட்டாவது நிமிடம் அது தானாகவே மங்கத் தொடங்கியது. ஒரே காட்சியில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. மூன்று நாள் பயணத்தில் எடுத்ததில் பெரும்பாதியை அழிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நான் கேட்பது ஒரே கேள்வி: இந்த வெளிச்சம் எத்தனை நிமிடம் குறையாமல் நிற்கும்? அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் 2000 லூமென் விளக்கு, சொல்லாத 5000-ஐ விட மேல். எப்படியும் அரை மீட்டர், ஒரு மீட்டர் தூரத்துக்குள்தான் நிறம் மீளும். அதைத் தாண்டிப் போகும் வெளிச்சமும் திரும்பி வரும் வழியில் சிவப்பை இழந்துவிடும்.

அடுத்தது விரிவு. பொந்துக்குள் பார்க்கும் டார்ச்சின் ஒளி குறுகலானது; வீடியோவில் நடுவில் வெள்ளை வட்டம் விழும். படத்துக்கு அகலமாகப் பரவும் ஒளி வேண்டும். பெட்டியில் 120 டிகிரி என்று இருந்தால் அது காற்றில். முன்கண்ணாடி தட்டையாக இருந்தால் தண்ணீரில் அது 80 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். இதை யாரும் சொல்வதில்லை. நிறம் காட்டும் தரத்தைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்குப் பேட்டரி முக்கியம். உதிரி லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக ஒவ்வொன்றும் 100 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். சிறு விளக்கில் போடும் 21700 வகைப் பேட்டரி சுமார் 18 வாட்-அவர்தான், கவலையில்லை. முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். திறக்கவே முடியாதபடி மூடி வரும் விளக்குகளில் தண்ணீர் புகும் பயம் குறைவு. ஆனால் பேட்டரி கிழடானால் விளக்கே போச்சு. நான் மாற்றிப் போடுகிற வகையைத்தான் விரும்புகிறேன். அதற்கு, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பேணத் தெரிய வேண்டும். ஊரில் மோட்டார் மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தது: "ஒரு முடி ஒட்டிருந்தாலும் தண்ணி வழி கண்டுபிடிச்சிரும் தம்பி." மூடும் முன் விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பார்க்கிறேன். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் வாளியில் ஊறப்போடுகிறேன்.

இத்தனை சோதனையும் பாக் விரிகுடாவுக்காக. நம் புதுக்கோட்டைக் கரையும் தஞ்சாவூர்க் கரையும் சேர்ந்த அந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதல் காப்பகம் அதுதான். கரையோர மக்கள் கடல்பசுவை ஆவுளியா என்பார்கள். ஆவூர்க்காரனுக்கு அந்த 'ஆ' காதில் விழும்போதே ஒரு சொந்தம் தட்டுகிறது.

அது மேயும் கடற்புல் வெளி ஆழம் குறைந்தது, சேறு கலங்குவது. அங்கே பெரிய விளக்கு கெடுதல்தான் செய்யும். மார்கழிப் பனியில் பஸ்ஸின் ஹெட்லைட் எதிரே வெள்ளைச் சுவர் எழுப்புமே, அப்படி மிதக்கும் துகளெல்லாம் ஒளிர்ந்து படத்தை மறைத்துவிடும். சிறு விளக்கைக் கேமராவோடு ஒட்டாமல், கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் துகள் அடங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் விளக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் முதல் காரணம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்பது அதற்குப் பிறகு.

வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கப்போகிறேன். புல்லுக்குள் கடல்குதிரை கண்ணில் பட்டால் சில நொடி மட்டும் பக்கத்திலிருந்து ஒளி, பிறகு அணைத்துவிடுவேன். அதற்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை.

"அந்த ஆவுளியாவப் பாத்தா எனக்கும் படம் காட்டுப்பா" என்றார் சித்தப்பா, துண்டைப் பிழிந்தபடி. பார்த்தால் அதன்மேல் விளக்குப் போட மாட்டேன், படம் பச்சையாகத்தான் இருக்கும் என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.