எண்ணிக்கையில் அடங்குமோ அறிஞர் பணி?

ஓர் அறிஞரின் ஆய்வு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்று எண்ணிப் பார்த்து, அவ்வெண்ணிக்கையையே அவரது 'தாக்கம்' என அறிவிக்கும் வழக்கம் கல்விக்கூடங்களில் வேரூன்றிவிட்டது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்த எச்-குறியீடு, வாழ்நாள் உழைப்பை ஒற்றை எண்ணுக்குள் அடக்கிக் காட்டிற்று. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கொண்டுவந்த விதிமுறைகளோ, கட்டுரை வெளியான இதழின் தாக்கக் காரணியைப் பார்த்து ஆசிரியருக்குக் கூடுதல் மதிப்பெண் அளித்தன. இவ்வளவுகோலை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதற்கு, உண்ணல் கோளாறுகளை ஆராய்ந்த ஓர் உளவியல் அறிஞரின் பணியையே சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

அவர் டேவிட் கார்னர். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் ஆய்வைத் தொடங்கியவர். மெலிய வேண்டும் என்ற தணியாத வேட்கையால் உணவை ஒதுக்கி, எலும்பும் தோலுமாய்த் தேய்ந்து, சிலர் உயிரையே இழக்கும் அனொரெக்சியா என்னும் நோயின் அறிகுறிகளை அளந்தறிய வேண்டி, பால் கார்ஃபிங்கல் என்ற மருத்துவருடன் இணைந்து 1979-இல் 40 வினாக்கள் கொண்ட தேர்வொன்றை வெளியிட்டார். 1982-இல் அது 26 வினாக்களாகச் சுருங்கியது. விடை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 20-ஐ எட்டியவரை மருத்துவர் நேரில் ஆராய வேண்டும். அத்தேர்வு தன்னளவில் நோயை உறுதிசெய்வதன்று. இவ்விரு கட்டுரைகளும் ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன.

ஆயினும், கார்னர் தம் தோழர்களுடன் 1980-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வையே நாம் மேலானதாகக் கருதுகிறோம். அமெரிக்க அழகிப் போட்டியில் பங்கேற்றவர்கள், ஆண்களுக்கான கவர்ச்சி ஏடொன்றில் படம் வெளியான பெண்கள் ஆகியோரின் உடல் அளவுகளை அவர்கள் இருபது ஆண்டுக் காலத்துக்குத் திரட்டினர். அழகின் இலக்கணமாக முன்நிறுத்தப்பட்ட பெண் ஆண்டுதோறும் மெலிந்துகொண்டே வந்தாள். அதே காலத்தில் நாட்டின் இளம்பெண்களது சராசரி எடையோ கூடிக்கொண்டு போயிற்று. மகளிர் ஏடுகளில் எடைக்குறைப்புக் கட்டுரைகளும் பெருகின. ஒரு சிறுமி உணவுத் தட்டைத் தள்ளிவைக்கும்போது அவளது 'பிடிவாதத்தை' மட்டும் பழித்துவந்தோர்க்கு, அத்தட்டைத் தள்ளும் கைகளுள் வணிகத்தின் கையும் ஒன்று என்பதை இவ்வாய்வு காட்டிற்று. இதன் பயனை எந்த எண்ணால் குறிப்பது?

"மேற்கோள் எண்ணிக்கை ஓர் ஆய்வு எவ்வளவு பரவியது என்பதையேனும் காட்டவில்லையா?" என வினவுவர். காட்டுகிறது. எவ்வாறு பரவியது என்பதைக் காட்டுவதில்லை. 1989-இல் மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா என்ற இரு மருத்துவர்கள் ஒரு பாடம் புகட்டினர். கார்னரின் 26 வினாக்களை இந்தியில் பெயர்த்து, வட இந்திய நகரொன்றில் 580 பள்ளிச் சிறுமியரிடம் கொடுத்தபோது, 29 விழுக்காட்டினர் ஆபத்து எல்லையைத் தாண்டினர். அப்படியாயின் அந்நகரில் ஏறத்தாழ மூவரில் ஒருத்தி நோயாளியோ? அல்லள். சில வினாக்களை அச்சிறுமியர் தம் பண்பாட்டு வழக்கப்படி வேறாகப் பொருள்கொண்டனர் என்பதை அவ்விருவரும் விடைகளின் போக்கிலிருந்தே கண்டறிந்தனர். பசித்தும் உண்ணாதிருக்கிறாயா, உணவில் கட்டுப்பாட்டுடன் நடக்கிறாயா என்று கேட்டால், நோன்பைப் பேறாக எண்ணும் வீட்டுப்பெண் என்ன சொல்வாள்? தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் நம் பெண்மக்களிடம் கேட்டாலும் விடை அதுவே.

(இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தவக்காலம் முடிந்து பாஸ்காவும் கடந்தபின் ஒருத்தி இன்னும் உண்ண மறுத்தால், அதைப் பக்தி என்று மெச்சுவோர் அவளுக்குத் தீங்கிழைக்கின்றனர். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் அனொரெக்சியாவும் ஒன்று. நோன்பு தொடங்கவும் முடிக்கவும் அறியும். நோய்க்கு முடிக்கத் தெரியாது.)

கிங்கும் புக்ராவும் எழுதிய கட்டுரை, மேற்கோள் கணக்கில் கார்னருக்கு ஒன்றைக் கூட்டும். அத்தேர்வை ஆராயாது பெயர்த்து, வந்த விழுக்காட்டை அப்படியே அச்சேற்றும் கட்டுரையும் அதே ஒன்றைத்தான் கூட்டும். எச்சரித்தவரையும் எச்சரிக்கையைக் கேளாதவரையும் ஒரே தராசில் நிறுத்தும் கணக்கு என்ன கணக்கு?

ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவரும் அவர்தம் தோழர்களும் 1993-இல் இன்னும் ஆழமானதொரு வினாவை எழுப்பினர். அவர்கள் ஆராய்ந்த 70 அனொரெக்சியா நோயாளிகளுள் 41 பேரிடம், பருமனாகிவிடுவோம் என்ற அச்சமே காணப்படவில்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்பதே அவர்தம் முறையீடு. அச்சத்தை அந்நோயின் உயிர்நாடியாகக் கொண்ட மேலை இலக்கணம் இவர்களைக் கண்டுகொள்ளாது போயிருக்கும். இத்தகைய ஆய்வுகள் கிளப்பிய விவாதத்துக்குப் பின், 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வரையறை நூலின் ஐந்தாம் பதிப்பு, அச்சத்தை நோயாளி வாய்விட்டுச் சொல்லாவிடினும், எடை கூடாதபடி தடுக்கும் இடையறாத நடத்தையே போதும் என இலக்கணத்தைத் தளர்த்தியது. தாக்கம் என்று நாம் கருதுவது இதனை.

சென்னையிலும் மருத்துவர் சிலர் இத்துறையில் உழைத்தனர். மேலைநாட்டு நோயின் முழு வடிவம் இங்கு அரிதாகவும், அதனினும் மென்மையானதோர் உண்ணல்சார் மனவுளைச்சல் இளைஞரிடையே பரவலாகவும் இருப்பதைக் கண்டு, அதற்கெனத் தனியே ஒரு வினாநிரலை 1998-இல் உருவாக்கி வெளியிட்டனர். மேற்கோள் பட்டியலில் அக்கட்டுரை கார்னரின் அருகே வராது. ஆனால் நம் மகளிர் கல்லூரியொன்றில் உணவைக் கண்டு மருளும் மாணவியொருத்தியை அடையாளம் காண, டொராண்டோவில் தைத்த சட்டையைவிட அது அவளுக்குப் பொருந்தக்கூடும். அதை எழுதியோர் பதவி உயர்வுக் குழுவின் முன் நின்றால், அதற்கு எத்தனை மதிப்பெண் இடுவீர்கள் என்று குழுவினரைக் கேட்கிறோம்.