எண்ணெய் கசிந்தால் யார் முதலில் சொல்வது?

எங்கள் ஆய்வுகூடத்தில் முகவை உடைந்தால் தண்டம் கட்ட வேண்டும். அதனால் உடைந்த கண்ணாடித் துண்டுகள் பெரும்பாலும் அலுமாரிக்குப் பின்னால்தான் கிடக்கின்றன. நானும் ஒரு முறை அங்கே தள்ளியிருக்கிறேன். இதை வாசிக்கும் ஆசிரியை மன்னிக்க வேண்டும். சுன்னாகத்துக் கிணறுகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அலுமாரிதான் ஞாபகம் வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிப்பதற்கும், தோட்டத்துக்கு இறைப்பதற்கும், வுழூச் செய்வதற்கும். மேலே கொட்டியது எதுவானாலும் அதே வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கிவிடும். தண்ணீரின் நிறமும் சுவையும் மணமும் மாறியிருக்கிறதா என்று பார்க்க நாம் மத்ரஸாவில் சிறு வயதிலேயே படித்தோம். சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழ்ந்த வீடுகளில் அந்த மாற்றத்தை முதலில் உணர்ந்தது ஆய்வுகூடங்களாக இருந்திருக்காது, வாளியைத் தூக்கிய தாய்மாராகவே இருந்திருக்கும். 2015இல் வழக்குத் தாக்கலானது. அங்கே இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் எத்தனை தர்க்கங்கள்! எண்ணெய் யாருடையது, எவரது பரிசோதனை சரி என்று பேசிக்கொண்டிருந்த காலம் முழுவதும் மக்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

ரஷ்யாவின் நொரில்ஸ்க் நகரில் 2020 மே 29இல் ஒரு மின் நிலையத்தின் டீசல் தாங்கி சரிந்து, சுமார் 20,000 தொன் வெளியேறியது. அம்பர்னயா ஆறு சிவந்தது. இரண்டு நாட்களுக்குப் பிறகு சமூக ஊடகங்களில் பார்த்துத்தான் அறிந்தோம் என்று அதிகாரிகள் சொன்னபோது, நாட்டின் ஜனாதிபதியே தொலைக்காட்சியில் கோபப்பட்டார். பின்னர் நீதிமன்றம் விதித்த தொகை ஏறத்தாழ 14,600 கோடி ரூபிள். அத்தனை பணத்தாலும் அந்த இரண்டு நாட்களைத் திருப்பி வாங்க முடியாது.

எண்ணெய் சிந்தும்போது முதல் மணித்தியாலம்தான் பெரிது. கசிவை அடைக்க வேண்டும், வடிகானின் வாயை மூட வேண்டும், மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி எடுத்து மூடிய பீப்பாவில் வைக்க வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவுவது பார்வைக்குத் துப்புரவு, உண்மையில் எண்ணெயை அடுத்த வீட்டுக்கு அனுப்பும் வேலை. தாங்கியைச் சுற்றி அணைச்சுவர் இருந்தால் இந்த வேலைக்கு அவகாசம் கிடைக்கும். ஆனால் இதெல்லாம் யாராவது வாய் திறந்த பிறகுதானே?

இரவு முறை வேலையில் நிற்கும் இளைஞன்தான் கசிவை முதலில் காண்கிறான். சொன்னால் “உன் கவனக்குறைவு” என்பார்கள், சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறான். நிறுவனம் கசியவிட்டதற்குத் தண்டனை இருக்கட்டும், மறைத்ததற்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்கட்டும். ஆனால் உடனே சொன்ன தொழிலாளியின் மீது கை வைக்கக் கூடாது. “அப்படியென்றால் கவனக்குறைவு கூடிவிடும்” என்றார் என் வாப்பா. கூடலாம். ஆனாலும் தெரிந்த பத்துக் கசிவுகளை விட, தெரியாத ஒன்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அறிவித்தல் அலுவலகத்தோடு நிற்பதும் போதாது. சுற்றாடல் அதிகாரிகளுக்குக் கடிதம் போகும் அதே நாளில் பக்கத்துக் கிணற்றுக்காரருக்கும் சொல்ல வேண்டும். பரிசோதனை முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கி போதும், ஒரு கோயில் மணி போதும்.

நம் தெருக்களிலும் வாகனம் திருத்தும் இடங்கள் இருக்கின்றன, அவற்றில் சில இம்மலரை வாசிக்கும் பெற்றோருடையவை. கழிவெண்ணெய் எங்கே போகிறது என்று இன்றிரவு சாப்பாட்டு மேசையில் உங்கள் மகள் கேட்டால், தயவுசெய்து கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.