அந்த இடது கை

ஆட்டுக்கல் சுற்றியவர்களுக்குத் தெரியும், மறுநாள் கை என்ன பாடுபடும் என்று! பேஸ்பாலில் பந்து எறிகிறவர் கதியும் அதுதான். ஓர் ஆட்டம் எறிந்தால் மூன்று நாளாவது ஓய்வு வேண்டும். அதனால்தான் முறை வைத்துக்கொண்டு எறிவார்கள்.

1965-ல் அமெரிக்க உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். டாட்ஜர்ஸ், ட்வின்ஸ் இரு கோஷ்டிக்கும் தலா மூன்று வெற்றி. டாட்ஜர்ஸில் அன்று, மூன்று நாள் ஓய்வெடுத்த டிரைஸ்டேலின் முறை. ஸாண்டி கோபாக்ஸுக்கோ இரண்டே நாள் ஓய்வு. இடது முழங்கையில் கீல்வாதம் வேறு. (யூதர்களின் விரத நாள் என்று முதல் ஆட்டத்தில் எறிய மறுத்தவர் இவர்தான்!) நிர்வாகி ஆல்ஸ்டன் கோபாக்ஸையே அழைத்தார். எனக்கென்னவோ கல்நெஞ்சாகத்தான் படுகிறது. கோபாக்ஸ் 2-0 என்று ஜயித்துக் கொடுத்தார். மறு வருஷம், முப்பதே வயதில், கையைக் காப்பாற்றிக்கொள்ள ஆட்டத்தையே விட்டுவிட்டார்.